மோசேயின் சட்டம் நமக்கு இன்னும் உண்டா? பாடாங் செராயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்பவர்கள் குறைவு. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போதும், கல்யாணப் பந்தியிலும், சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதும்தான் மனதில் உள்ளது வெளியே வரும். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வந்ததால் அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. சபைகள் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லிவிட்டு, என் கருத்து எது என்பதையும் சொல்கிறேன்.

நியாயப்பிரமாணம்னா பத்துக் கட்டளைதானே அக்கா?

நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் சட்டம் முழுவதும். பத்துக் கட்டளை அதில் ஒரு பகுதி. மோசேயின் ஐந்து புத்தகங்களிலும் கட்டளைகள் பரவிக் கிடக்கின்றன. யூத மரபு அவற்றை 613 என்று கணக்கிடுகிறது. கொலை செய்யாதே என்பதும் அதில் இருக்கிறது, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்பதும் இருக்கிறது. பலி, பண்டிகை, தோல் நோய், கடன், எல்லைக் கல், குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவை என்று எல்லாவற்றுக்கும் கட்டளை உண்டு. பத்துக் கட்டளை யாத்திராகமம் 20லும் உபாகமம் 5லும் வருகிறது. (கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் இந்தப் புத்தகங்களின் பெயர் விடுதலைப் பயணம், இணைச் சட்டம்.)

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பத்துக் கட்டளை "செய்யாதே" என்று தொடங்கவில்லை. உன்னை எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து கொண்டுவந்த கர்த்தர் நான் என்றுதான் தொடங்குகிறது. விடுதலை முன்னே, சட்டம் பின்னே. கட்டளையைக் கைக்கொண்டதால் யாரும் எகிப்திலிருந்து வெளியே வரவில்லை.

இயேசு வந்ததோட பழைய ஏற்பாட்டுச் சட்டமெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. மத்தேயு 5:17இல் நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்கிறார் இயேசு. அடுத்த வசனத்தில் அதில் ஒரு எழுத்தின் உறுப்புகூட ஒழியாது என்கிறார். அதே வேதத்தில் பவுல், நாம் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்கிறார் (ரோமர் 6:14). இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்தான் குழப்பம்.

நான் புரிந்துகொண்டது இது. சீனாயில் கொடுத்த சட்டம் இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்தோடு கர்த்தர் செய்த உடன்படிக்கை. ஒரு தோட்டத்தின் வேலை ஒப்பந்தம் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கட்டாது. ஆனாலும் அதை வாசித்தால் முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். எரேமியா 31இல் புதிய உடன்படிக்கை வரும், சட்டத்தை அவர்கள் இருதயத்தில் எழுதுவேன் என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அந்த உடன்படிக்கைக்குள்தான் நாம் வந்திருக்கிறோம். சட்டம் எதை நோக்கிப் போனதோ அதை இயேசு முடித்துக் காட்டினார். அதற்காகச் சட்டத்தைக் குப்பையில் போடவும் முடியாது. பழைய ஏற்பாடே வேண்டாம் என்று சொன்ன மார்சியோனை ரோமாபுரிச் சபை ஏறத்தாழ கி.பி. 144இலேயே வெளியே அனுப்பிவிட்டது.

அப்ப எது செல்லும், எது செல்லாதுன்னு யாரு முடிவு பண்றது? அவங்கவங்க இஷ்டமா?

இஷ்டம் இல்லை. முதல் சபைக்கே இந்தச் சண்டை வந்தது. புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, விசுவாசத்துக்கு வந்தவர்கள் விருத்தசேதனம் செய்து மோசேயின் சட்டம் முழுவதையும் கைக்கொள்ள வேண்டும் என்று சிலர் நின்றார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிப் பேசி, அந்தப் பாரத்தை அவர்கள்மேல் வைக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இந்த நான்கை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். சட்டத்தைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பு என்ற பேச்சு அன்றைக்கே முடிந்தது.

பிற்காலத்துச் சபைகள் சட்டத்தை மூன்றாகப் பிரித்தன: ஒழுக்கம், சடங்கு, நாட்டு நிர்வாகம். தாமஸ் அக்குவினாஸ் அப்படிப் பிரித்து எழுதினார். 1784இல் ஜான் வெஸ்லி மெதடிஸ்டுகளுக்குச் சுருக்கிக் கொடுத்த கோட்பாடுகளில் ஆறாவது இதைத்தான் சொல்கிறது: சடங்குச் சட்டம் கிறிஸ்தவனைக் கட்டாது, ஒழுக்கக் கட்டளையிலிருந்து எந்தக் கிறிஸ்தவனுக்கும் விலக்கு இல்லை. இந்தப் பிரிவு உதவியானதுதான், ஆனால் மோசேயின் புத்தகத்தில் அப்படிக் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. லேவியராகமம் 19ஐ எடுத்துப் பாருங்கள். உன்னைப் போல் பிறனை நேசி என்பதும், இரண்டு வகை நூல் கலந்த துணி வேண்டாம் என்பதும் பக்கத்துப் பக்கத்து வசனங்கள். அதனால் ஒரு கட்டளை வந்தால் நான் முதலில் பார்ப்பது, இயேசுவும் அப்போஸ்தலரும் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதைத்தான். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த வழியில் போனவை.

எங்க மகன் "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" அஞ்சாவதுங்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலாவதுங்கிறா. யாரு சரி?

இரண்டு பேரும் சரி. உங்கள் மகன் மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளிக்குப் போகிறான், அந்தப் பிள்ளை கத்தோலிக்க மறைக்கல்விக்குப் போகிறாள், அவ்வளவுதான். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் விக்கிரகம் பற்றிய வாக்கியத்தை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். கடைசியில் இச்சியாதே என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்து ஆக்குகிறார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளில் விக்கிரகம் தனிக் கட்டளை. வேதத்தில் எண் போட்டுக் கொடுக்கவில்லை, பத்து வார்த்தைகள் என்று மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகளைச் சண்டை போட விடாதீர்கள்.

காட்டுப்பன்றிப் பிரட்டல் சாப்பிடலாமா? லேவியராகமத்துல கூடாதுன்னு போட்டிருக்கே.

போட்டிருக்கிறது. 11ஆம் அதிகாரம். பன்றி மட்டுமா, செதிளும் சிறகும் இல்லாத இறால், நண்டு, கணவாய், கெளுத்தி எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். பன்றியை மட்டும் பிடித்துக்கொண்டு, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நண்டு வாங்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மாற்கு 7இல், வெளியிலிருந்து வாய்க்குள் போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்றார் இயேசு. அதனால் எல்லா உணவும் சுத்தம் என்று மாற்கு விளக்குகிறார். அப்போஸ்தலர் 10இல் பேதுருவுக்கு வந்த தரிசனமும் அங்கேதான் கொண்டுபோகிறது. அந்தத் தரிசனத்தின் முக்கிய நோக்கம் சாப்பாடு இல்லை. கொர்நேலியு என்ற புறஜாதியான் வீட்டுப் படியேறிப் போக பேதுருவைத் தயார் செய்யவே அது வந்தது.

ஆகவே சாப்பிடலாம். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கும்படி சாப்பிட வேண்டாம். மலாய் நண்பர் வீட்டுக்கு வரும் நாளில் அந்தச் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள். இந்து வீட்டாரோடு ஒரே பந்தியில் உட்காரும்போது மாட்டிறைச்சியை எடுத்து வைக்காதீர்கள். இதுவும் ரோமர் 14இல் பவுல் சொன்ன வழிதான்.

ஆட்டு ரத்தம் பொரிச்சா வீட்டுல எல்லாரும் விரும்பிச் சாப்பிடுறாங்க. அதுவும் சரிதானா?

இது பன்றியைவிடக் கடினமான கேள்வி. இரத்தத்தை விலக்கும் கட்டளை மோசேக்கு முன்னாலேயே நோவாவுக்குச் சொன்னது (ஆதியாகமம் 9:4). லேவியராகமம் 17 அதற்குக் காரணமும் சொல்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. மேலே சொன்ன எருசலேம் கடிதத்திலும் இரத்தம் இருக்கிறது. கிழக்குத் திருச்சபைகள் இதை இன்றும் விடவில்லை. 692இல் கூடிய சங்கம் இரத்தம் உண்பதைத் தடை செய்தது. மேற்கே அகுஸ்தீன் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அதைக் கைக்கொள்ளவில்லை. யூதரும் புறஜாதியாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்த காலத்துக்கான ஏற்பாடு அது என்று அவர் எழுதினார்.

கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் போதகர்கள் பெரும்பாலும் சாப்பிடலாம் என்றே சொல்வார்கள். நான் யாரையும் தடுப்பதில்லை. எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. நோவாவுக்கும் சொல்லி அப்போஸ்தலரும் எழுதிய ஒன்றை எளிதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரம், கோயில் பிரசாதம், ஹலால் கோழி... இதெல்லாம் படைச்சதுல சேருமா?

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. தீபாவளிக்கு வரும் முறுக்கும் அதிரசமும் அன்பால் வருவது. சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுங்கள், கிறிஸ்மஸ் கேக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கோழி விஷயத்தில் 1 கொரிந்தியர் 10:25 போதும்: கடையில் விற்கிறதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள். கொரிந்து ஊர் இறைச்சிக் கடையில் என்ன நடந்தது என்று பவுலுக்குத் தெரியாமல் இல்லை.

பிரசாதம் வேறு. இது சாமிக்குப் படைத்தது என்று சொல்லியே ஒருவர் கொடுத்தால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதிருங்கள் என்று அதே அதிகாரம் 28ஆம் வசனம் சொல்கிறது. கை கூப்பி, "மன்னிச்சிருங்க அண்ணே, நாங்க எடுக்கிறதில்ல" என்று மரியாதையாகச் சொன்னால் இந்த ஊரில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாங்கிக்கொண்டு போய் அவர் கண் முன்னே குப்பையில் போடுவதுதான் பாவம்.

ஓய்வுநாள் சனிக்கிழமைதானே? நாம ஏன் ஞாயிறு கும்பிடுறோம்? கெடாவுல ஞாயிறு லீவுகூட இல்லையே.

சட்டத்தில் ஓய்வுநாள் ஏழாம் நாள்தான், சனிக்கிழமை. அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் அதைக் கைக்கொள்கிறார்கள். மற்றவர்கள் இயேசு உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளில் கூடுகிறார்கள். அப்போஸ்தலர் 20:7இலேயே அந்த வழக்கம் தெரிகிறது. கான்ஸ்டன்டைன் பேரரசன்தான் மாற்றினான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அவன் ஞாயிறு ஓய்வுக்கு ஆணை போட்டது 321இல். அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதை விவரித்து எழுதிவிட்டார்.

நம் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் ஓய்வு. ஞாயிறு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், அரசு ஆபீஸ் திறந்திருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை ஆராதனை வைத்தால் அது குறைந்த ஆராதனை ஆகாது. நாட்களைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்கிறார் பவுல் (கொலோசெயர் 2:16). அந்த வசனம் வாராந்திர ஓய்வுநாளைப் பற்றியது இல்லை, பண்டிகை ஓய்வுகளைப் பற்றியது என்று அட்வென்டிஸ்டுகள் பதில் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை.

ஆனால் நாள் கட்டாது என்று சொல்லிவிட்டு ஓய்வையே விட்டுவிட்டோம், அதுதான் எனக்கு வருத்தம். உபாகமம் 5:14, 15 எல்லாரும் ஓய வேண்டும் என்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கும் அந்நியன். காரணம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய். கூலிம் தொழிற்சாலையில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் எடுத்து மாதக்கணக்கில் ஒரு நாள்கூட வீட்டில் இருக்காத தகப்பன்மார் சபையில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் லீவு நாளில்தான் நம் வீட்டுப் பெண்களுக்கு இரட்டைச் சமையல். எந்தக் கிழமை என்று வாதாடும் நேரத்தில், உங்கள் வீட்டில் யாருக்கு ஓய்வே இல்லை என்று பாருங்கள்.

வீட்டுக்குத் தூரமா இருக்கிற நாள்ல திருவிருந்து எடுக்கலாமா அக்கா? மாமியார் கோயிலுக்கே போகாதேங்கிறாங்க.

எடுக்கலாம். இந்தக் கேள்வியை மட்டும் பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். லேவியராகமம் 15இல் மாதவிடாய்க்கு ஏழு நாள் தீட்டு என்று இருப்பது உண்மை. ஆனால் அது பாவம் என்று எங்கும் இல்லை, சாதாரண மாதவிடாய்க்குப் பலிகூடக் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில் ஆண்களின் இந்திரியத்துக்கும் தீட்டு உண்டு. குளித்துச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். திருவிருந்துக்கு வரும் எந்த ஆம்பிளையையும் யாரும் இதைக் கேட்டதில்லை. இந்தச் சட்டம் முழுவதும் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசாரிப்புக் கூடாரத்தைத் தீட்டுப்படுத்தாமல் இருக்கக் கொடுத்தது என்று 31ஆம் வசனம் சொல்கிறது. கூடாரம் போய், அதன் பின் வந்த எருசலேம் ஆலயமும் கி.பி. 70இல் இடிந்துபோயிற்று.

மாற்கு 5ஐ வாசியுங்கள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் தவித்த ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். சட்டப்படி அவள் தொட்டதால் அவர் தீட்டுப்பட வேண்டும். நடந்தது வேறு: அவள் சுகமானாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, எல்லார் முன்னாலும் "மகளே" என்று கூப்பிட்டார். அந்த ஆண்டவருடைய பந்திக்குப் போகத்தான் நீங்கள் அனுமதி கேட்கிறீர்கள்.

மாமியார் சொல்வது பெரும்பாலும் வேதத்திலிருந்து வந்ததில்லை. வீட்டு விலக்கு என்று நம் முன்னோர் வைத்திருந்த வழக்கம் நம்மோடு சபைக்குள்ளும் வந்துவிட்டது. அவரோடு சண்டை வேண்டாம், மாற்கு 5ஐ இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் ஆணுக்கு 40 நாள், பெண்ணுக்கு 80 நாள் கோயிலுக்கு வரக்கூடாது என்பதும் இதே கதைதான் (லேவியராகமம் 12). மரியாள் அதைக் கைக்கொண்டாள். ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாத ஏழைக்குச் சட்டம் விட்டுக்கொடுத்த பறவைப் பலியையே அவர்கள் செலுத்தினார்கள் என்று லூக்கா 2 காட்டுகிறது. உடம்பு தேற வீட்டில் இருங்கள். கடவுளுக்குப் பயந்து ஒளிந்திருக்க வேண்டாம்.

மகன் கையில டாட்டூ குத்திட்டு வந்திருக்கான். லேவியராகமம் 19:28ஐக் காட்டித் திட்டினேன். சரிதானே?

அதே வசனம் செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்வதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. அக்கம்பக்கத்து ஜனங்களின் இழவுச் சடங்கை ஒட்டிய தடை என்று பலர் விளக்குகிறார்கள். அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தைக் கத்தரிக்காதே என்கிறது. அதைக் காட்டி யாரும் சலூனுக்குப் போகும் மகனைத் திட்டுவதில்லை. தோட்டத்துப் பாட்டிமார் கையில் பச்சை குத்திய கோலமும் பெயரும் இருக்கும். அந்தக் கையால்தான் அவர்கள் நமக்கு ஞானஸ்நான உடுப்பு போட்டார்கள். பணம் செலவழித்தான், கேட்காமல் செய்தான் என்று திட்டுங்கள், அது தாயின் உரிமை. லேவியராகமத்தை விட்டுவிடுங்கள்.

அப்ப குறி கேக்கப் போறதும், நம்பர் எடுக்கச் சாமியாடிகிட்ட போறதும்?

கூடாது. உபாகமம் 18 தடுக்கிறது, கலாத்தியர் 5:20 சூனியத்தை மாம்சத்தின் கிரியைகளில் சேர்க்கிறது. இரண்டு ஏற்பாட்டிலும் கதவு மூடியிருக்கிறது.

அத்தை மகனைக் கட்டிக்கலாமா? தாய்மாமனை?

லேவியராகமம் 18இல் யார் யாரைக் கட்டக்கூடாது என்று நீண்ட பட்டியல் உண்டு. அதில் அத்தை மகனோ மாமன் மகளோ இல்லை. யாக்கோபு கட்டியது தாய்மாமன் லாபானின் மகள்களைத்தான். எண்ணாகமம் 36இல் செலோப்பியாத்தின் மகள்கள் பெரியப்பா சித்தப்பா மக்களைக் கட்டினார்கள். அது நம் முறையில் அண்ணன் தங்கை உறவு, நமக்கு நினைத்தும் பார்க்க முடியாது. மலேசியச் சட்டமும் அத்தை மகன் திருமணத்தைத் தடுக்கவில்லை. கத்தோலிக்கராக இருந்தால் திருச்சபைச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும், பங்குத் தந்தையிடம் முதலிலேயே பேசுங்கள்.

தாய்மாமன் விஷயம் வேறு. லேவியராகமப் பட்டியலில் அக்காள் மகள் நேராக இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தாய்மாமனும் அக்காள் தங்கை மகளும் மணம் செய்வதைத் தடுக்கிறது. இந்து வழக்கப்படி மணம் செய்யும் இந்துக்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தசமபாகம் கொடுக்கலேன்னா சாபம்னு பாஸ்டர் சொல்றாரு. 1,700 வெள்ளி சம்பளத்துல எப்படிக் கொடுக்க?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் பத்தில் ஒன்று 170. வாடகை, பள்ளி பஸ், அரிசி, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக அந்த 170 என்னவென்று எனக்குத் தெரியும்.

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் வயலின் விளைச்சலிலும் மந்தையிலும் எடுத்தது. ஆலய வேலை செய்த, நிலம் இல்லாத லேவியர் கோத்திரத்துக்குப் போனது (எண்ணாகமம் 18). உபாகமம் 14 அதைக் குடும்பத்தோடு பண்டிகையில் உண்டு மகிழவும் சொல்கிறது. மூன்றாம் வருஷம் அதை ஊருக்குள்ளேயே வைத்து லேவியனும் அந்நியனும் அநாதையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகச் சொல்கிறது. தசமபாகம் தராதவர்களைப் பற்றிய மல்கியா 3இன் சாபத்தை மேடையில் வாசிக்கிறவர்கள் உபாகமம் 14ஐயும் வாசிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் தசமபாகம் கொடு என்று சபைக்குக் கட்டளை இல்லை. ஆபிரகாம் சட்டத்துக்கு முன்னமே கொடுத்தார் என்பார்கள். அது போரில் கிடைத்த கொள்ளைப் பொருளில் ஒரு தடவை கொடுத்தது. 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்கிறது. இல்லாதவர் பயத்தால் கொடுக்க வேண்டாம். கை நிறையச் சம்பாதிக்கிறவர் பத்தில் ஒன்றோடு நின்றுகொண்டு, கடமை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம்.

இப்படி ஒவ்வொன்னா தள்ளிட்டே போனா, மோசே புத்தகத்தை எதுக்கு வாசிக்கணும்?

நான் இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காக. பன்றி, டாட்டூ, தீட்டு என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சட்டத்தில் ஏழையைப் பற்றிய பக்கங்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. இயேசு சொன்ன பெரிய கட்டளைகள் இரண்டும் அவர் புதிதாகச் சொன்னவை இல்லை. ஒன்று உபாகமம் 6:5, இன்னொன்று லேவியராகமம் 19:18.

உபாகமம் 24ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக்காரன் உன் சகோதரனாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் அவனை ஒடுக்காதே, பொழுது போகுமுன் அவன் கூலியைக் கொடு என்கிறது. யாக்கோபு 5:4 இதையே எடுத்து, அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. ஆகவே இது பழைய ஏற்பாட்டோடு நின்றுபோன சட்டம் இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கும் உதிரிப் பழம் பொறுக்குகிறவளுக்கும் கணக்கைக் குறைத்துக் காட்டும் கான்ட்ரெக்டரோ மண்டோரோ (வேலை மேற்பார்வையாளரோ) சபையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவர் பன்றி சாப்பிடுகிறாரா இல்லையா என்று நான் கவலைப்பட மாட்டேன்.

அதே அதிகாரம், மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே, அது அவன் ஜீவனையே அடகு வாங்குவது என்கிறது. நம் ஊரில் அது ஏ.டி.எம். கார்டு. வட்டிக்குக் கொடுக்கிறவன் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறான். சம்பளம் விழுந்த அன்றைக்கே அவனே போய் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கிறான். அந்த மாதமும் வீட்டில் அரிசி கடன்தான். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று லேவியராகமம் 25 சொல்கிறது. இப்படி வட்டிக்கு விடுகிறவர்களில் ஞானஸ்நானம் எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த அதிகாரங்களை உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

லேவியராகமம் 19:33, 34 இன்னும் கிட்ட வருகிறது. உன் தேசத்தில் தங்கும் அந்நியனைச் சிறுமைப்படுத்தாதே, அவனை உன்னைப்போல் நேசி, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய். நம் தாத்தா பாட்டி ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர்கள். அவர்கள் இருந்த லயத்து வீடுகளில் இன்றைக்கு வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? அவர்கள் பாஸ்போர்ட்டை யார் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்? இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது மலேசியச் சட்டப்படியும் குற்றம்.

அடங்காத மகனைக் கல்லெறிஞ்சு கொல்லுன்னு சொல்ற சட்டத்தையா நல்லதுன்னு சொல்றீங்க?

உபாகமம் 21:18-21. வாசிக்க எனக்கும் கஷ்டமாக இருக்கும் பகுதி, அதை மூடி மறைக்க மாட்டேன். தகப்பன் தன் கையால் மகனைக் கொல்ல அங்கே அனுமதி இல்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து ஊர் மூப்பர் முன் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்ற ரபீக்களின் (யூத போதகர்களின்) கருத்து அவர்களுடைய தல்மூது நூலில் பதிவாகியிருக்கிறது.

நமக்கு வழிகாட்டுவது 1 கொரிந்தியர் 5. தகப்பன் மனைவியோடு வாழ்ந்த ஒருவன் சபையில் இருந்தான். லேவியராகமத்தில் அதற்குத் தண்டனை மரணம். பவுல் அதைப் பாவம் இல்லை என்று சொல்லவில்லை, கல்லும் எடுக்கச் சொல்லவில்லை. மனம் திரும்பும்படி சபையைவிட்டு விலக்கச் சொன்னார். இஸ்ரவேல் நாட்டின் தண்டனைச் சட்டம் சபையின் கையில் இல்லை. அடங்காத பிள்ளையைப் பெற்றவர்கள் லூக்கா 15இல் வீட்டைவிட்டுப் போன மகனுக்குக் காத்திருந்த தகப்பனைப் போல வாசலைத் திறந்து வைத்திருங்கள்.

கிருபைதான் இருக்கே, பிறகு தப்பு செஞ்சா என்னன்னு எங்க தம்பி கேக்கிறான்.

ரோமர் 6இன் தொடக்கத்தில் பவுலே இந்தக் கேள்வியை எழுப்பி, கூடாதே என்று பதில் சொல்லிவிட்டார். ரோமர் 13:8-10இல் விபசாரம், கொலை, களவு என்று கட்டளைகளைப் பெயர் சொல்லி எண்ணி, பிறனை நேசிக்கிறவன் இவற்றை நிறைவேற்றுகிறான் என்கிறார். முதல் பதிலில் சொன்ன வரிசைதான் இங்கேயும். விடுதலையானவன் எகிப்துக்குத் திரும்பிப் போக வழி கேட்க மாட்டான். தம்பியிடம் வாதாடுவதைவிட, எந்தத் தப்பை மனதில் வைத்து இதைக் கேட்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கும்.

எங்க அண்ணி அட்வென்டிஸ்ட். பன்றி தொடமாட்டாங்க, சனிக்கிழமை எதுவும் செய்ய மாட்டாங்க. அவங்களுக்கு எடுத்துச் சொல்லித் திருத்தணுமா?

வேண்டாம். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக நினைக்கக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்று ரோமர் 14:3 இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்ததும், தீத்துவுக்குச் செய்ய மறுத்ததும் இதே அடிப்படையில்தான். விருப்பமாகச் செய்தால் தடை இல்லை. இது இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று கட்டாயப்படுத்தினால் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அண்ணி அப்படிக் கட்டாயப்படுத்தினால் கலாத்தியர் 2ஐத் திறந்து பேசுங்கள்.

கட்டாயப்படுத்தாத வரைக்கும் கல்யாண விருந்தில் அவருக்குக் கோழியைத் தனிச் சட்டியில் சமையுங்கள், கரண்டியை மாற்றிப் போடாதீர்கள். குடும்பக் கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்காமல் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் முடியும்படி வையுங்கள். அவருக்கு ஓய்வுநாள் அந்த மாலையிலேயே தொடங்கிவிடும்.